வீட்டில் யாருமில்லை என்றால் வருகை முடிந்துவிட்டதா?

கேள்வி:

பாஸ்டர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் யாங்கோனில் தாம்வே பக்கம் இருக்கிறோம். 2025 மார்ச் நிலநடுக்கத்தில் மாண்டலேயில் என் சின்னம்மா கட்டடம் இடிந்து இறந்துபோனார்கள். அதிலிருந்து என் கணவர் நம் தமிழ்ச் சபைக்கு வருவதை விட்டுவிட்டு, ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார். கடைசிக் காலம் தொடங்கிவிட்டது, இயேசுவின் இரண்டாம் வருகை இன்னும் சில மாதங்களில்தான், அப்போது விசுவாசிகளை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று அங்கே சொல்கிறார்கள். மாண்டலேயில் செத்தவர்கள் நியாயத்தீர்ப்பில் விழுந்தவர்கள் என்றும் சொன்னார்களாம். 'உங்கள் பழைய சபையில் வருகையைப் பற்றிப் பேச்சே இல்லை, அது செத்த ஆராதனை' என்கிறார் இவர். என் நகைகளைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிடலாம், பையனுக்கு டியூஷன் எதற்கு என்று கேட்கிறார். நான் வேண்டாம் என்றால் அவிசுவாசி என்கிறார். போன வாரம் பள்ளி விட்டு வந்த மகன் வீடு திறந்து கிடந்ததையும் உள்ளே யாருமில்லாததையும் பார்த்துவிட்டு, வருகை ஆகிவிட்டது, தன்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன், அவ்வளவுதான். எதை நம்புவது ஐயா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாக எழுதியதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். உபத்திரவகாலம், அந்திக்கிறிஸ்து எல்லாம் கொஞ்சம் பொறுக்கும். படிக்கட்டில் உட்கார்ந்து அழுத பிள்ளை பொறுக்க மாட்டான்.

அவனைக் கேலி செய்யாதீர்கள், 'விசுவாசம் இருந்தால் பயம் வராது' என்றும் சொல்லாதீர்கள். வெளியே போகும்போது எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். இரவில் அந்தப் பிரசங்க வீடியோக்கள் அவன் காதில் விழ வேண்டாம். அப்பா கேட்டே ஆக வேண்டுமென்றால் காதில் ஹெட்செட் போட்டுக்கொள்ளட்டும். நிலநடுக்கத்துக்குப் பிறகு நிலம் ஆடாமலே ஆடுகிற மாதிரித் தோன்றுவது பெரியவர்களுக்கே உண்டு. உங்கள் மகனுக்கோ அதோடு சின்னப் பாட்டியின் சாவும் சேர்ந்திருக்கிறது. சில வாரங்களாகியும் தூக்கம் சரியாக வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். ஜெபித்துக்கொண்டே காட்டலாம், ஒன்றும் முரண் இல்லை.

அப்புறம் அவனிடம் ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள். இயேசு தம் சீஷர்களை விட்டுப் பிரியப்போகிற இரவில் சொன்னது: "நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன், உங்களிடத்தில் வருவேன்." அவருடைய வருகையைப் பற்றி ஒரு பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். வருகிறவர் அவனை விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. வருகை என்றதும் அநாதையாகிவிடுவோம் என்ற பயம்தான் அவன் மனதில் முதலில் வருகிறது என்றால், அவனுக்கு யாரோ வேறு எதையோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் சின்னம்மா. அவர்கள் நியாயத்தீர்ப்பில் விழுந்தவர்கள் என்று சொன்னவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, கர்த்தரே சொல்லிவிட்டார். லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். ஊரிலுள்ள மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டுவிட்டு, அப்படியல்ல என்று அவரே முடித்துவிடுகிறார். அடுத்த வரியில் மனந்திரும்பச் சொல்கிறார், உண்மைதான். ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறார்? உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவர்களை. இடிபாட்டுக்குள் கிடந்தவர்களை அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. மார்ச் 28 வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நிலம் ஆடியபோது ரமலான் மாதத் தொழுகைக்கு வந்தவர்கள் பள்ளிவாசல்களில் இருந்தார்கள். புத்த மடங்களும் இடிந்தன, கோயில்களும் தேவாலயங்களும் சேதமாயின. அதில் யார் பாவி, யார் நீதிமான் என்று பிரித்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்தத் தைரியம் உள்ளவர்களைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது.

நிலநடுக்கம் கடைசிக் காலத்தின் அடையாளம்தானே என்று உங்கள் கணவர் கேட்பார். மத்தேயு 24இல் இருக்கிறதே என்பார். இருக்கிறது. அதே இடத்தில், யுத்தங்களைப் பற்றிச் சொல்லும்போதே "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்" என்றும் "முடிவு உடனே வராது" என்றும் இருக்கிறது. பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "இவைகளெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம்" என்கிறார். பதறாதீர்கள் என்று சொல்லத் தந்த பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பதறுகிறோம் என்பதுதான் வேடிக்கை.

நம் தேசத்தில் நிலம் ஆடுவது புதிதும் அல்ல. சகாயிங் பிளவு வடக்கிலிருந்து தெற்காக நாட்டின் நடுவே ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் ஒன்றையொன்று உரசி நகரப் பார்க்கின்றன. பல காலம் சிக்கிக்கொண்டிருந்து ஒரு நாள் விடுபடும்போது நாம் தெருவுக்கு ஓடுகிறோம். 1930 மே 5 அன்று பெகு (இன்றைய பகோ) நகரம் அப்படித்தான் தரைமட்டமானது, இங்கே ரங்கூனிலும் ஆட்கள் செத்தார்கள். 1839இல் பழைய தலைநகரான ஆவா, 1946இலும் 1956இலும் சகாயிங் பகுதி என்று அந்தக் கணக்கு நீள்கிறது. தேவன் படைத்த பூமி அசைகிற விதம் இது என்று சொல்வதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால், இடிந்ததற்குக் காரணம் கட்டடம் கட்டிய விதமா என்று கேட்பதும் ஒரு விசுவாசியின் வேலைதான்.

உலகம் முடிந்தது என்று நம் ஆட்கள் நினைத்த நாட்களும் இந்த மண்ணில் நிறைய. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் துறைமுகத்தில் குண்டு போட்டன. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள், மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் தமு வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழிநெடுகச் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. பெட்டியோடு கப்பலேறியவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களின் பிள்ளைகள்தான் நீங்களும் நானும். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் துடைத்துப் போட்டது. ஒவ்வொரு தடவையும் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதுதான் அது என்று சொல்ல ஆள் இருந்திருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்தவர்கள் மிச்சமிருந்த பாட்டுப் புத்தகத்தோடு கூடிப் பாடியிருக்கிறார்கள். அவர்களும் வருகைக்குத்தான் காத்திருந்தார்கள்.

நாள் குறிப்பதைப் பற்றி நான் நீட்ட விரும்பவில்லை. பிதா ஒருவர் தவிர யாரும் அறியார்கள், தூதர்களும் அறியார்கள் என்று எழுதியிருக்கிறது. சில மாதம் என்பதும் நாள் குறிப்பதுதான், தேதி போடாமல் குறிப்பது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22 முழுக்கக் காத்திருந்து மறுநாள் அழுதார்கள். 2011 மே 21 என்று ரேடியோவில் சொன்ன ஹரால்ட் கேம்பிங், அது நடக்காததும் அக்டோபருக்குத் தள்ளிவைத்தார். இதில் உங்கள் நகை விஷயத்துக்குப் பொருந்துவது தென் கொரியாவில் நடந்தது. 1992 அக்டோபர் 28 அன்று சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று ஒரு கூட்டம் அறிவித்தது. வேலையை விட்டவர்கள் உண்டு, வீட்டை விற்றுக் காணிக்கை கொடுத்தவர்கள் உண்டு. அந்த நாளுக்கு முன்பே அதன் தலைவரை மோசடி வழக்கில் பிடித்துவிட்டார்கள். காணிக்கைப் பணத்தில் அவர் வாங்கி வைத்திருந்த பத்திரங்கள் எப்போது முதிர்வடையும் தெரியுமா? உலகம் முடியும் என்று அவரே சொன்ன நாளுக்கு அப்புறம்!

உங்கள் கணவர் போகிற கூட்டத்தார் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை எனக்குத் தெரியாது, உண்மையாகவே நம்பிப் பேசுகிறவர்களாக இருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி நியாயமானது: சில மாதத்தில் எல்லாம் முடியும் என்றால் கூட்டத்துக்குத் தங்கம் எதற்கு? கோபமில்லாமல், சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப்பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வருகையைப் பற்றிப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது ஏறக்குறைய கி.பி. 50ஆம் ஆண்டில். அந்தச் சபைக்கு இருந்த துக்கம் உங்கள் வீட்டுத் துக்கம்தான். கர்த்தர் வருவதற்குள் எங்கள் ஆட்கள் செத்துப்போனார்களே, அவர்கள் கதி என்ன என்று அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத்தான் "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்" என்று எழுதுகிறார். நாம் முந்திக்கொள்வதில்லை, அவர்கள்தான் முதல். எழுதி முடித்துவிட்டு, "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்கிறார். மிரட்டுங்கள் என்று எழுதவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் இந்தப் பகுதியை வாசிப்பது அதனால்தான். உங்கள் சின்னம்மாவின் பேரைச் சொல்லி இதை வீட்டில் ஒரு தரம் சத்தமாக வாசியுங்கள், உங்கள் கணவரும் இருக்கும்போது.

அதே பகுதியில் 'ஆகாயத்தில் எதிர்கொண்டுபோக' என்று வருகிறது. அதைத்தான் அந்தக் கூட்டத்தில் பெரிதாகப் பேசுவார்கள். நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை வருகிறார் என்றால் தெருமுனை வரைக்கும் போய் எதிர்கொண்டு வீட்டுக்கு அழைத்துவருவோம், அவரோடு அப்படியே வேறு ஊருக்குப் போய்விட மாட்டோம். பவுல் ரோமாபுரிக்கு வந்தபோது சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்ததாக அப்போஸ்தலருடைய நடபடிகளில் இருக்கிறது. எதிர்கொண்டவர்கள் அவரோடு ஊருக்குள்தான் திரும்பினார்கள். வருகையையும் இப்படிப் படிக்கிற வேத பண்டிதர்கள் பலர். சபை முதலில் இரகசியமாக எடுக்கப்படும், பின்பு ஏழு வருட உபத்திரவம், பின்பு மறுபடி வருகை என்ற வரிசை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகரால் பரவி, 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் வழியே உலகெங்கும் போனது. அதை நம்பிக்கொண்டே மிக நேர்மையாக வாழ்ந்து முடித்த தேவபிள்ளைகளை நான் அறிவேன், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது மட்டும்தான் வேதம், அதை ஏற்காதவன் அவிசுவாசி என்று உங்கள் மேல் எறிந்தால், அதை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அவர் மறுபடி வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு, எல்லாம் புதிதாகும். இதில் எல்லாச் சபைகளும் ஒன்றாக நிற்கின்றன. அட்டவணையில்தான் வித்தியாசம்.

பழைய சபையில் வருகையைப் பற்றிப் பேச்சே இல்லை என்ற புகாரில் பாதி நியாயம். நம் சபைகளில் பலவற்றில் இதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. பயமுறுத்துகிறவர்களைப் பார்த்துக் கூச்சப்பட்டு நம்மவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பயந்துபோன ஒரு மனிதன் பதில் தேடி வெளியே போனால் அவரை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை.

மீதிப் பாதி தவறு. ஞாயிறு ஆராதனையைக் கவனித்துப் பாருங்கள். கர்த்தருடைய ஜெபத்தில் "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்கிறோம். விசுவாசப் பிரமாணத்தில் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்று எழுந்து நின்று சொல்கிறோம். திருவிருந்தில் அப்பத்தை எடுக்கும்போது "கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள்" என்ற வார்த்தை வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளும், குழந்தையாக வந்தவரை மட்டுமல்ல, மறுபடி வரப்போகிறவரையும் எதிர்பார்க்கிற ஞாயிறுகள். கேக்குக்குச் சொல்லிவைப்பதிலும் கேரல் ரவுண்ட்ஸ் போவதிலும் அதை மறந்துவிடுகிறோம், அது வேறு கதை. வருகை இல்லாத ஆராதனை நம்மிடம் இல்லை. வேகமாக ஒப்பித்து முடிக்கிற பழக்கம்தான் இருக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியா நாட்டு (இன்றைய துருக்கிப் பகுதி) ஏழு சபைகளில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பதற்காக எழுதப்பட்ட நூல் அது. "வாசிக்கிறவனும்... கேட்கிறவர்களும்" பாக்கியவான்கள் என்று முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. கேட்டவர்கள் ரோம அரசின் கீழ் நசுங்கிக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள். அவர்களுக்கு யோவான் முதலில் காட்டுவது மிருகத்தையா? இல்லை. சபைகளுக்குக் கடிதங்கள் முடிந்ததும் நாலாம் அதிகாரத்தில் ஒரு கதவு திறக்கிறது, உள்ளே சிங்காசனம், சுற்றிலும் இருபத்துநான்கு மூப்பர்கள், நான்கு ஜீவன்கள், ஓயாத பாட்டு. அஞ்சாம் அதிகாரத்தில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி, மறுபடி பாட்டு. முத்திரை உடைவதும் குதிரைகள் ஓடுவதும் அதற்குப் பிறகுதான். நடுநடுவே எக்காளங்களையும் கலசங்களையும் நிறுத்திவிட்டு மறுபடி மறுபடி பாடுகிறார்கள். அரண்மனையில் இருக்கிறவன் சிங்காசனத்தின் கடைசிச் சொந்தக்காரன் அல்ல என்று தெரிந்தவர்கள்தான் அப்படிப் பாட முடியும். இந்த நாட்டில் இருந்துகொண்டு அதை வாசிக்கும்போது எனக்கு விளக்கவுரை அதிகம் தேவைப்படுவதில்லை. இந்த மாதம் முழுக்க வீட்டு ஜெபத்தில் நாலு, அஞ்சு, இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகிய நான்கு அதிகாரங்களை மட்டும் மாற்றி மாற்றி வாசியுங்கள். மகனையே வாசிக்கச் சொல்லுங்கள். "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்" என்ற வரியை அவன் வாயாலேயே வாசிக்கட்டும்.

டியூஷனுக்கு வருவோம். வருகைக்குக் காத்திருக்கிறவன் படிக்கலாமா, வீட்டுக்கு ஓடு மாற்றலாமா? தெசலோனிக்கேயில் சிலர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றித்திரிந்தபோது, வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் கொஞ்சம் காட்டமாகவே எழுதினார். எரேமியாவின் கதை இன்னும் நேரடியானது. பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார், நகரம் விழப்போகிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் கர்த்தர் அவரை ஆனதோத்தில் நிலம் வாங்கச் சொல்கிறார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, அதை மண்பாண்டத்தில் பத்திரமாக வைக்கிறார். "இனி இந்த தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் கொள்ளப்படும்." முற்றுகைக்கு நடுவில் நிலப் பத்திரம்!

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1813இல் ரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் முதல் விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஆறு வருடம் காத்திருந்தார். 1824இல் பிரிட்டனோடு யுத்தம் வந்ததும் ஆவாவில் சிறையில் போட்டார்கள். அவர் மனைவி ஆன், வேத மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து அவருக்குக் கொடுத்தார். காலில் விலங்கோடு அதன்மேல் தலைவைத்துப் படுத்தார். பர்மிய வேதாகமம் முழுதாக முடிந்தது 1834இல். எல்லாம் முடிந்தது என்று அன்றைக்கே விட்டிருந்தால் இன்றைக்கு நம் பக்கத்து வீட்டுக்காரர் தம் பாஷையில் வேதம் வாசிக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

ஆகவே டியூஷன் நிற்க வேண்டாம். நகைகள் உங்கள் தாய்வீட்டுச் சீதனம், உங்கள் சம்மதமில்லாமல் யாரும் அதைக் காணிக்கையாக்க முடியாது. நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவந்த அனனியாவிடம் பேதுரு கேட்டதைப் பாருங்கள்: விற்கும் முன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ, விற்ற பின்பும் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ? ஆதிச் சபையிலேயே கட்டாயம் இல்லை என்றால் தாம்வேயில் எதற்குக் கட்டாயம்? கொடுக்க மனமிருந்தால் மாண்டலேயில் வீடிழந்து இருக்கிற உங்கள் சொந்தக்காரர்களுக்கு, முடிந்த அளவு, கை மாறாமல் நேரே கொடுங்கள். கரன்ட் எப்போது வரும், அரிசி நாளைக்கு என்ன விலை என்று தெரியாத இந்தக் காலத்தில் வீட்டுக்கென்று ஒரு பிடி தங்கத்தை வைத்துக்கொள்வதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கணவரோடு வசனம் காட்டி வாதாடாதீர்கள், தோற்றாலும் ஜெயித்தாலும் நஷ்டம் வீட்டுக்குத்தான். அவருடைய பக்திக்கு அடியில் பயமும் துக்கமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மாண்டலேக்குப் போய் இடிபாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவரா? பார்த்திருந்தால் அதைப் பற்றி யாரிடமாவது பேசியிருக்கிறாரா? அதைக் கேளுங்கள், வருகையைப் பற்றிக் கேட்காதீர்கள். கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று தடுக்கவும் வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு மட்டும் குடும்பமாக வாருங்கள் என்று கூப்பிடுங்கள். அவர் மதிக்கிற சபை மூப்பர் யாராவது இருந்தால், உபதேசம் செய்யாமல் சும்மா டீ குடிக்க ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். என்னோடு பேச விரும்பினால் நானும் வருகிறேன், வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்கிற வரைக்கும் திறக்காமல் உட்கார்ந்திருக்க எனக்குச் சம்மதம்.

நகையை எடுத்தே தீருவேன் என்று அவர் நின்றால், அன்றைக்கு மட்டும் தனியாக இருக்காதீர்கள். உங்கள் அண்ணனையோ அவருடைய அக்காவையோ வரவழைத்து உட்கார்ந்து பேசுங்கள், முடிவெடுக்க ஒரு மாதம் தவணை கேளுங்கள். கேட்பவர்கள் ஒரு மாதம்கூடப் பொறுக்க மாட்டோம் என்றால் அதையும் உங்கள் கணவர் தம் கண்ணாலேயே பார்க்கட்டும்.